தாராவியில் நனைந்த பாலைவனம்

என் வேலை மரம் நடுவதும் மனிதர்களை நிறுத்துவதும். பெரிய கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அதைச் சின்னதாகச் செய்து பார்ப்பார்கள். அந்த மாடல் செய்கிற பட்டறையில் இருக்கிறேன். தாராவியில் ஒரு தோல் பைக் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் எங்கள் பட்டறை. என் அக்காவின் வீட்டுக்காரர்தான் முதலாளி. வேலை நேரத்திலும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். சுவர், மாடி எல்லாம் அத்தான் வெட்டி ஒட்டுவார். அதெல்லாம் முடிந்த பிறகு நான் போய் உட்காருவேன். ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் மரம். மெல்லிய செம்புக் கம்பியை நறுக்கி நுனியைப் பெயிண்டில் தொட்டு எடுத்தால் மனிதர். யாரிடமும் வாய் திறக்காமல் செய்யலாம். பத்தாவது வரைக்கும் படித்துவிட்டு, நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் ஃபிளாட் மாடல்தான். கல்யாணில் ஒரு டவர், காட்கோபரில் ஒரு டவர். புல்லுக்குப் பச்சை, நீச்சல் குளத்துக்கு நீலம், வாசலில் ஒரு கார். அனுப்பிய மறுநாள் மறந்துவிடுவேன். ஒரே ஒரு மாடலை மட்டும் மறக்க முடியவில்லை. அது ஃபிளாட் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அது ஒரு ஊர்.

மாட்டுங்காவில் ஒரு கட்டட வரைபட ஆபீஸிலிருந்து ஒரு மேடம் அதைக் கொண்டுவந்தார். நம் தமிழ்க்காரர்தான். என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் எனக்கு மேடம்தான் வாயில் வரும். அவர் என்னை அக்கா என்பார், அத்தானை அண்ணா என்பார். மழை பிடித்துக்கொண்ட சமயம். பிளாஸ்டிக்கில் சுற்றிய படச் சுருளை மேஜையில் விரித்து நாலு மூலையிலும் பெயிண்ட் டப்பாவை வைத்தார். படம் மேஜையைத் தாண்டித் தொங்கியது.

"எங்க மேடம் இது?" என்று அத்தான் கேட்டார்.

"பாலைவனத்துல ஒரு ஊர், அண்ணா. கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே மழைன்னா வருஷத்துல ஏதோ ஒரு நாள், அதுவும் வந்தா வரும்."

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். வெளியே கல்லி என்று நாங்கள் சொல்கிற குறுகிய தெரு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பின்னால் நின்று கேட்டேன். இந்தப் பக்கத்திலிருந்து புழுதிக் காற்று வரும், அதனால் தீக்காயம் பட்டவர்களுடைய கட்டடம் மற்ற கட்டடங்களுக்கு முதுகுப் பக்கம் ஒளிந்துகொண்டிருக்கிறது. சாப்பாடு போகிற வழி வேறு, அழுக்குத் துணி போகிற வழி வேறு. இறந்து போனவர்களை எடுத்துப் போகிற வழி தனியாக இருக்கிறது. படுத்திருக்கிற யார் கண்ணிலும் அது படாது. கை கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்து பேரீச்ச மரத்துக்கு விடுவார்கள். படுக்கையில் இருக்கிறவருக்கு ஜன்னலில் வெயில் தெரியக் கூடாது, வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்காகச் சுவரை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு மட்டும் ஒரு கட்டு படம் இருந்ததாம்.

நடுநடுவே படத்தில் வெறும் இடமாக விட்டிருந்தது. "அங்க என்ன வருது?" என்று அத்தான் கேட்டார்.

"இப்போ ஒண்ணும் இல்லை. ஊர் பெரிசாச்சுன்னா இன்னும் வார்டு வேணுமே, அதுக்கு. அந்தப் பேஷண்ட்டெல்லாம் இன்னும் பொறக்கவே இல்லை."

எங்கள் வீடுகள் எல்லாம் எப்படி வந்தவை என்று எனக்குத் தெரியும். ஒரு அறை. பிள்ளை பிறந்தால் மேலே ஒரு பரண். தம்பி கல்யாணம் என்றால் அதற்கு மேலே ஒரு ஏணி. தேவை கழுத்தைப் பிடித்த பிறகுதான் சுவர் எழும்பும். இன்னும் பிறக்காதவருக்கு ஒருவர் இடம் போட்டு வைப்பார் என்பதும், அவருக்கு வெயில் படக் கூடாது என்று இன்றைக்கே கவலைப்படுவார் என்பதும் எனக்குப் புதிதாக இருந்தது. சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி அந்தப் படத்தின் முன்னால் நின்றேன்.

மேடத்தின் விரல் கடைசியாக ஒரு கோட்டில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடுகிற தெரு. மேலே சட்டம் சட்டமாகக் கூரை. இரண்டு பக்கமும் உள்ள கட்டடங்கள் அதற்கு நிழல் கொடுக்கும்.

"இதுதான் அண்ணா பிரச்னை. 'எங்க ஊர்ல யாரும் நடக்க மாட்டா, தெரு எதுக்கு'ங்கறா அந்த ஊர்க்காரா. தரைக்கு அடியில ஏ.சி. போட்டு ஒரு சுரங்க வழி வெச்சா போறுமாம். எங்க ஆபீஸ்லயும் எல்லாரும் விட்டுடுன்னு சொல்லிட்டா. நான்தான் பிடிச்சுண்டு நிக்கறேன். ஆபரேஷன் ஆனவர் முதல் தடவை எழுந்து நடக்கறார். அவர் கண்ணுல ஆகாசம் பட வேண்டாமா?"

அந்த ஆஸ்பத்திரியை நடத்தப் போகிற பெரிய டாக்டர் வேறு வேலையாக மும்பை வருகிறார். அவர் முன்னால் மாடலை வைத்து, சூரியனுக்குப் பதில் ஒரு விளக்கை நகர்த்திக் காட்டப் போகிறார் மேடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருவில் நிழல் நிற்பதை டாக்டர் கண்ணால் பார்த்தால் தெரு பிழைக்கும். பார்க்காவிட்டால் படத்திலிருந்து அழித்துவிடுவார்கள். வேறு நாள் கிடையாது.

என் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, எக்ஸ்ரேக்காக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு போயிருக்கிறேன். மே மாதம். பாதி வழியில் ஒரு ஆம்புலன்ஸின் நிழலில் நின்றோம். வண்டி கிளம்பிப் போய்விட்டது. மேடம் பேசியபோது எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அந்தத் தெரு என் தெருவாகிவிட்டது.

இரண்டு கதவுகளைச் சேர்த்துப் போட்ட அளவுக்கு மேஜை. தினமும் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து, நனைந்த சேலையோடு வந்து உட்காருவேன். கட்டடங்கள் எழும்பின. ஒவ்வொன்றும் சோப்புக் கட்டி அளவுதான், ஆனால் உள்முற்றம், மாடம் எல்லாம் உண்டு. பழைய பிரஷ் முடியை வெட்டிப் பேரீச்ச மரம் செய்தேன். பிறகு தெருவில் ஆட்களை நிறுத்தினேன். அரிசியில் பாதிகூட இல்லாத ஆட்கள்.

தரை வந்தபோது அத்தானுக்கு ஒரு யோசனை. "மணல் கலர் பெயிண்ட எவன் வேணும்னாலும் அடிப்பான். நாம அசல் மணலே போடுவோம். பாலைவனத்துக்காரரு பாத்து மூக்குல வெரல வைக்கணும்."

மாஹிம் கடற்கரையிலிருந்து மணல் வந்தது. அக்காவின் மாவுச் சல்லடையில் சலித்தார். அக்கா பேசிய பேச்சை எழுத முடியாது. தகரத்தில் போட்டு அடுப்பில் வறுத்தார். தரைக்கு முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்து, அது காய்ந்ததும் பசை தடவி மணலைத் தூவினார். அப்போது பார்க்க வேண்டுமே! வறுத்த கடலை மாவு நிறத்தில், கட்டடங்களுக்கு நடுவே மணல் வெளி. கீழே பைக் கடையில் தைக்கிறவர்கள்கூட ஏறி வந்து பார்த்தார்கள். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குனிந்து பார்த்தேன். கண்ணை மேஜை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தால் தாராவி மறைந்து போய்விடும்.

அதற்குப் பிறகு மழை விடவே இல்லை.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் காலையில் மேடம் விளக்கோடு வந்தார். மாடலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்தோம். பாலைவனம் கறுத்திருந்தது. சில இடத்தில் காப்பித்தூள் நிறம், சில இடத்தில் பளபளப்பு. அத்தான் விரலை வைத்தார். விரல் ஈரமாக வந்தது. கூரை ஒழுகியதா என்று மேலே பார்த்தார். ஒழுகவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன, ஒங்க பாலைவனத்துல கெணறு வெட்டிட்டீயளோ?"

"சும்மா கெட. எனக்கே டென்ஷனா இருக்கு."

"கடல் மணல்ல உப்பு இருக்கும்லா? நம்ம உப்பு ஜாடி ஜூலை மாசம் எப்படி இருக்கும்? கரண்டி போட்டா தண்ணில்லா வருது. வீட்ல இருக்குத உப்பு அழுதா, மேஜையில இருக்குத உப்பு சிரிக்குமா?"

உண்மைதான். எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்த ஜாடி இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அதற்குள் அரிசியைப் போட்டு வைக்கிறவள் நான். மணலை ஒருவரும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசவில்லை. கடலும் மழையும் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

மேடம் ஒன்றும் திட்டவில்லை. ஜன்னலை மூடச் சொல்லி விளக்கைப் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கறுத்த மணலில் நிழலே தெரியவில்லை. கட்டடத்தின் நிழல் எங்கே முடிகிறது, ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது, யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு டாக்டர் பார்ப்பதற்கு இருந்த ஒரே விஷயம் அந்த நிழல்தான். மேடம் விளக்கை அணைத்தார்.

அன்று பகல் முழுக்கச் சுரண்டினோம். கத்தியால், பழைய டூத் பிரஷ்ஷால், என் ஹேர்பின்னால். அக்காவும் வந்து உட்கார்ந்தாள். தெருவில் நின்ற ஆட்களை இடுக்கியால் எடுத்து ஒரு மூடியில் போட்டு வைத்தேன். மணல் போனதும் அடியில் இருந்த வெள்ளைப் பூச்சு கீறலும் கோடுமாக வெளியே வந்தது. அதன் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார் அத்தான்.

"இந்த ஈரத்துல காயாது அண்ணா. வெள்ளையாவே இருக்கட்டும்."

"மேடம், பாலைவனம் பனிமலை மாதிரில்லா இருக்கு."

"இருக்கட்டும். அவர் பாக்க வரது மணலை இல்லை."

ஆட்களை மறுபடியும் தெருவில் நிறுத்திவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ரயில் பாதையில் தண்ணீர். விளக்கை நகர்த்த வேண்டிய பையன், மேடத்தின் ஆபீஸ்காரன், கல்யாணிலிருந்து கிளம்பி எங்கேயோ நடுவில் நின்ற வண்டியில் மாட்டிக்கொண்டான். மாடலுக்கு மேலே வில்லாக வளைத்த ஒரு அலுமினியப் பட்டை. அதுதான் அந்த ஊர் சூரியன் போகிற பாதை. நம்முடைய சூரியன் வேறு மாதிரி போகுமாம். பட்டையில் மணிக்கு ஒரு கோடு. விளக்கை அந்தக் கோடுகளில் மெதுவாக நகர்த்த வேண்டும். மேடம் டாக்டர் பக்கத்தில் நின்று பேச வேண்டும், அதனால் அவரால் முடியாது. சுவருக்கும் மேஜைக்கும் நடுவே உள்ள சந்தில் நின்றுதான் நகர்த்த முடியும். அத்தான் நுழைந்து பார்த்தார். வயிறு நுழையவில்லை.

"நீ போ பிள்ள," என்றார்.

"நான் மாட்டேன், அத்தான்."

"பேசவா சொல்லுதேன்? வெளக்கத்தானே தள்ளணும்?"

அக்கா என் கையில் ஒரு துணியைத் திணித்தாள். "சுடும். இதால பிடிச்சுக்கோ. யாரும் ஒன் மொகத்தப் பாக்க மாட்டாவ, இருட்டாத்தான் இருக்கும்."

டாக்டர் ஒல்லியான பெரியவர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்து இரும்புப் படி ஏறி வந்தார். கூடப் போனில் படம் எடுக்க ஒரு இளைஞர். டாக்டர் முன்னே மும்பைக்காரர்களோடு வேலை பார்த்தவராம், உடைந்த ஹிந்தி பேசினார். அக்கா துண்டும் டீயும் கொடுத்தாள். அவர் மாடலைப் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போனார். கையை வெளியே நீட்டினார். ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்து தெறித்தது. கையை எடுக்கவே இல்லை. எனக்கு ஆச்சரியம். அந்தப் படத்தின் முன்னால் நான் எப்படி நின்றேனோ, எங்கள் ஓட்டுத் தண்ணீர் முன்னால் அவர் அப்படி நின்றார்.

பிறகு திரும்பி மேஜையைப் பார்த்தார். "எங்கள் மணல் எங்கே?"

மேடம் மறைக்கவில்லை. சுரண்டிய மணலை அள்ளிப் போட்டு மூலையில் வைத்திருந்த சாக்கைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சாக்கில் கையை விட்டு ஈர மணலைப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், சிரித்தார். "எங்கள் மணல் கையில் ஒட்டவே ஒட்டாது," என்றார்.

ஜன்னலை மூடினார்கள். நான் விளக்கைப் போட்டேன்.

வெள்ளைத் தரையில் நிழல் கத்தியால் வெட்டின மாதிரி விழுந்தது. கிழக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்தினேன். வார்டுகளின் நிழல் முற்றங்களைத் தாண்டிக் குறுகிக்கொண்டே வந்தது. உச்சி வேளையில் சுற்றிலும் வெள்ளை எரிந்தது, கண் கூசியது. தெரு மட்டும் இருட்டாக, மேல் சட்டங்களின் பொட்டுப் பொட்டான வெளிச்சத்தோடு ஒரு ஆறு மாதிரி கிடந்தது. என் ஆட்கள் அதற்குள் நின்றார்கள். நான் பார்க்கவே போகாத ஒரு ஊரின் பகல் பொழுது, என் கையில் இருந்த துணிக்குள் சூடாக நகர்ந்துகொண்டிருந்தது. மூச்சு விடவும் பயமாக இருந்தது. மூச்சு விட்டால் சூரியன் ஆடும்.

பிற்பகலில் அது வந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் புகுந்து, தெருவின் பின்பாதியில் ஒரு வெயில் பட்டை குறுக்கே விழுந்தது. டாக்டர் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன்.

"ஏன் இங்கே?"

அது டாக்டருக்குப் படிக்கிறவர்களின் கல்லூரிக் கட்டடத்துக்குப் போகிற இடைவெளி, மூட முடியாது என்றார் மேடம்.

"மறுபடியும். மெதுவாக," என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். பின்னால் தள்ளி மீண்டும் நகர்த்தினேன். அந்த வெயில் பட்டை மறுபடியும் வந்தது, தெருவின் பின்பாதி முழுவதையும் ஒவ்வொரு சாணாக நக்கிக்கொண்டே போனது. முன்பாதியைத் தொடவில்லை.

டாக்டர் குனிந்து, மூக்கு மாடலில் படுகிற அளவுக்குக் கிட்டே போனார். "இவர்கள் ஏன் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள்? யார் இவர்கள்?"

மேடம் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா சொன்னது பொய், அவ்வளவு ஒன்றும் இருட்டாக இல்லை.

"பேஷண்ட், சாப்," என்றேன். "கூட வந்தவங்க." அதற்கு மேல் ஹிந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"எங்கள் ஊரிலும் யாரும் தனியாக வருவதில்லை," என்றார் டாக்டர். பிறகு நிமிர்ந்து மேடத்திடம் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரியவில்லை. அவருடைய விரல் வாசலில் ஆரம்பித்து வார்டு வரை தெருவில் போயிற்று, அங்கே நின்றது. அதற்கு அப்பால் கையைக் குறுக்கே வெட்டினார்.

அவர்கள் போன பிறகு மேடம் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"என்ன ஆச்சு மேடம்?" என்றார் அத்தான்.

"வாசல்லேருந்து வார்டு வரைக்கும் தெரு இருக்கும். பின்பாதி சுரங்க வழி. பாதி போச்சு." ஒரு வாய் சாப்பிட்டார். "பாதி கிடைச்சுது. பேஷண்ட் நடக்கறது அந்தப் பாதியிலதான்." இதைச் சொன்னபோது அழுதார் என்று நினைக்கிறேன். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு என்னிடம், "அக்கா, பின்பாதியில இருக்கற ஆட்களை எடுத்துடுங்கோ. மாடலை ஃபோட்டோ எடுத்து அனுப்பணும்," என்றார்.

இப்போது அந்த ஊரில் அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறதாம். மேடம் எப்போதாவது போனில் சொல்லுவார். நான் அதை மனத்தில் பார்க்கும்போதெல்லாம் வெள்ளைத் தரையோடுதான் பார்க்கிறேன்.

அன்றைக்கு இடுக்கியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தச் சந்துக்குள் போனேன். வெயில் விழுந்த பாதியில் நின்றவர்களை ஒவ்வொருவராக எடுத்தேன். மூடியில் போடுவதற்குத்தான் எடுத்தேன். ஆனால் மூடியில் போட மனம் வரவில்லை. கம்பிதான் என்று தெரியும், இருந்தாலும் வரவில்லை. நடந்து வந்தவர்களை எங்கே திருப்பி அனுப்புவது? ஒவ்வொருவராக முன்பாதியில், இருக்கிறவர்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டே போனேன். தெருவில் இடமே இல்லாமல் போயிற்று. ஒருவர் தோள்மேல் ஒருவர்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ள இது, நம்ம கல்லி மாதிரில்லா ஆக்கிட்ட?"

நான் ஒரு ஆளைத் திரும்ப எடுக்கப் போனேன். மேடம் தட்டோடு எழுந்து வந்து பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார். போட்டு, உச்சி வேளைக்குத் தள்ளினேன். அத்தனை பேர் மேலும் நிழல் வந்து மூடியது.

"இருக்கட்டும் அக்கா," என்றார். "எல்லாரும் இருக்கட்டும்."